ஈரக் கொங்கிறீற்றை மட்டப்படுத்தும் கைக்கருவிகள்: ஒரு பணிச்சூழலியல் நோக்கு

முன்னுரை

கட்டடமொன்று நிறைவுற்றதும் அதன் தளத்தை மதிப்பிடுவதற்கு நம்மிடம் அளவைகள் பல உண்டு. மூன்று மீற்றர் நீளமான நேர்கோலொன்றைத் தளத்தின் மீது கிடத்தி, கோலுக்கும் தளத்துக்கும் இடையே எத்தனை மில்லிமீற்றர் இடைவெளி தோன்றுகின்றது எனப் பார்க்கின்றோம். நீர் தேங்குகின்றதா, தூசு கிளம்புகின்றதா, வெடிப்புக் காணப்படுகின்றதா என ஆராய்கின்றோம். ஆயின், அத்தளத்தை மட்டமாக்கிய தொழிலாளியின் முழங்காலும் இடுப்பும் அவ்வேலையின் முடிவில் எந்நிலையில் இருந்தன என்பதை அளப்பதற்கு எந்தக் கோலையும் நாம் எடுத்துச் செல்வதில்லை.

மனிதனின் உடலமைப்புக்கும் ஆற்றலுக்கும் ஏற்பக் கருவியையும் வேலையையும் வகுத்துக்கொள்ளும் இயல் பணிச்சூழலியல் எனப்படும். புதிதாக வார்க்கப்பட்ட கொங்கிறீற்றை மட்டப்படுத்தும் கைக்கருவிகளை இவ்வியலின் அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்கருவிகள் எளியவை, பொறியியற் பாடநூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறாதவை. எனினும், ஒரு கருவியின் நல்லியல்பை அது தொடும் பொருளைக்கொண்டு மாத்திரம் தீர்மானிக்கலாமா, அன்றி அதனைப் பிடிக்கும் உடலைக்கொண்டும் தீர்மானிக்க வேண்டுமா என்ற வினாவுக்கு இவற்றைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

கொங்கிறீற்று விதிக்கும் காலக்கெடு

கருவிகளை நோக்குமுன் அவை கையாளும் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். சீமெந்து, மணல், கல், நீர் ஆகியவற்றின் கலவையான கொங்கிறீற்றின் ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 2,400 கிலோகிராம் திணிவுடையது. அச்சுக்குள் இட்ட பின்னர், பாரமான கல்லும் மணலும் மெல்லக் கீழே அமிழ, நீரின் ஒரு பகுதி மேற்பரப்புக்கு வந்து சேரும். இதனை நீர் மேலெழல் எனலாம். அதேவேளை சீமெந்து நீருடன் தாக்கமுற்று இறுகத் தொடங்குகின்றது. வெயிலும் காற்றும் மிகுந்த நாளில் இவ்விறுகல் விரைவுபடும்.

ஆகவே, மட்டப்படுத்தும் வேலை படிமுறையானது. முதலில், மிகையான கொங்கிறீற்றை மட்டப்பலகையால் இழுத்து அகற்றித் தளத்தின் உயரம் நிலைநாட்டப்படும். இரண்டாவதாக, மேலெழும் நீர் பரப்பிலே தேங்குமுன், பெரிய தேய்பலகையொன்றினால் மேடுகளைத் தாழ்த்திப் பள்ளங்களை நிரப்புவர். பின்னர் நீர் முழுவதும் ஆவியாகும் வரை காத்திருத்தல் வேண்டும். பரப்பின் மீது கால்வைத்தால் ஏறத்தாழ ஆறு மில்லிமீற்றர் ஆழத்துக்கு மாத்திரம் தடம் பதியும் நிலையை எய்தியதும் கைத்தேய்பலகையால் தேய்ப்பர். மழமழப்பான தளம் வேண்டுமாயின் இறுதியாக உருக்குக் கரணையால் அழுத்தி முடிப்பர்.

நீர் நிற்கும்போதே அவசரப்பட்டுத் தேய்த்தால், அந்நீர் மேற்படையுடன் கலந்து அதனை வலுவிழக்கச் செய்யும். தளம் பின்னர் தூசாக உதிரும். காலம் தாழ்த்தினாலோ, இறுகிய பரப்பைக் கருவி அசைக்கமாட்டாது. தொழிலாளி தன் உடல்வலு முழுவதையும் செலுத்த வேண்டியிருக்கும். இளைப்பாறும் நேரத்தைத் தொழிலாளி தெரிவுசெய்ய முடியாத தொழில்களுள் இதுவும் ஒன்று. கொங்கிறீற்று அழைக்கும்போது அவன் குனிந்தே ஆகவேண்டும். கருவியின் அமைப்பு இங்கு ஏனைய தொழில்களைவிட முக்கியத்துவம் பெறுவது இக்காரணம் பற்றியேயாகும்.

உடல் சுமக்கும் பாரம்

தளம் காலடியில் இருக்கின்றது. கைகளோ அதற்கு ஏறத்தாழ முக்கால் மீற்றர் மேலே தொங்குகின்றன. இவ்விடைவெளியை நிரப்புவதற்கு மனிதனிடம் மூன்று வழிகளே உண்டு: இடுப்பை வளைத்துக் குனிதல், முழங்காலில் நிற்றல், குந்தியிருத்தல். மூன்றுக்கும் விலை உண்டு.

குனிதலை எளிய நெம்புகோற் கணக்கொன்றினால் விளக்கலாம். 60 கிலோகிராம் திணிவுள்ள ஒருவரின் தலை, கைகள், மேலுடல் ஆகியன சேர்ந்து குறைந்தது 30 கிலோகிராம் எனக் கொள்வோம். அவர் நன்கு குனிந்திருக்கையில் இப்பகுதியின் புவியீர்ப்பு மையம் இடுப்பு முள்ளெலும்பு மூட்டிலிருந்து ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் முன்னே நிற்கும். இதனைத் தாங்கும் முதுகுத் தசைகள் அம்மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்திலேயே அமைந்துள்ளன. திருப்பங்களைச் சமப்படுத்தினால், தசைகள் 180 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசையுடன் இழுக்க வேண்டும் என்பது பெறப்படும். கையிலே எப்பாரமும் இல்லாத நிலையில், உடலைத் தாங்குவதற்கு மாத்திரமே இவ்வளவு விசை தேவைப்படுகின்றது. இவ்விழுவிசை முள்ளெலும்புகளிடையே உள்ள வட்டுக்களை அமுக்குகின்றது. இதற்கும் மேலாகவே மட்டப்பலகையின் பாரமும் கொங்கிறீற்றின் தடையும் சேர்கின்றன.

முழங்காலில் நிற்பதும் குந்துவதும் முதுகுக்கு ஓரளவு ஆறுதல் அளித்தாலும் பாரத்தை முழங்கால் மூட்டுக்கு மாற்றுகின்றன. யேர்மனியில் 2009 ஆம் ஆண்டில், முழங்காலில் நின்றும் அதனை ஒத்த நிலைகளிலும் செய்யப்படும் தொழிலினால் விளையும் முழங்கால் மூட்டுத்தேய்வு தொழில்சார் நோய்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. தொழில் வாழ்க்கையில் மொத்தம் 13,000 மணித்தியாலம், ஒரு வேலைநாளில் குறைந்தது ஒரு மணித்தியாலம் என்பது அதற்கான நிபந்தனை. குந்தியிருத்தலும் தவழ்தலும் இக்கணக்கினுள் அடங்கும். ஆண்டில் 250 நாள், நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் இவ்வாறு வேலைசெய்பவர் 13 ஆண்டுகளில் இவ்வெல்லையை எய்திவிடுவார். இருபது வயதிலே தொழிலுக்கு வந்தவருக்கு அப்போது வயது 33 ஆக இருக்கும்.

ஈரக் கொங்கிறீற்றின் காரத்தன்மை மற்றோர் இடராகும். அதன் பீ.எச். பெறுமானம் 12 இற்கும் 13 இற்கும் இடைப்பட்டது. ஈரத்தில் முழங்கால் நனைய நிற்பவருக்கு உடனே வலி தோன்றாமல், சில மணித்தியாலங்களின் பின்னரே தோல் வெந்து புண்ணாவதுண்டு. எனவே உடலைத் தளத்திலிருந்து உயர்த்தும் கருவி முதுகையும் முழங்காலையும் மாத்திரமன்றித் தோலையும் காக்கின்றது.

இவ்வாராய்ச்சியின் பின்னணி

தொழிலாளியின் உடல்நிலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதொன்றன்று. இத்தாலிய மருத்துவரான பேர்னாடினோ இரமசீனி 1700 ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்கள் பற்றி வெளியிட்ட நூலில், தீங்கான பொருள்களோடு ஒழுங்கற்ற அசைவுகளும் இயல்புக்கு மாறான உடல்நிலைகளும் நோய்க்குக் காரணமாகும் எனக் காட்டினார். தொழில், நியதி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து இவ்வியலுக்கு முதன்முதற் பெயரிட்டவர் போலந்து நாட்டு அறிஞர் வொய்சியெக் யாசுட்செம்போவுசுக்கி, ஆண்டு 1857. பிரித்தானியாவில் 1949 இல் இதற்கென ஒரு கழகம் தோன்றிய பின்னரே இது தனியோர் இயலாக நிலைபெற்றது.

இவற்றுக்கிடையே, கட்டடத் தொழிலோடு நேரடித் தொடர்புடைய முயற்சியொன்று ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது. பிரெடெரிக் ரெயிலர் உருக்காலையொன்றில் மண்வெட்டி வேலையை ஆராய்ந்து, ஒருமுறை அள்ளும் சுமை ஏறத்தாழ 21 இறாத்தலாக இருக்கும்போதே ஒருவர் ஒரு நாளில் மிகக்கூடிய அளவை அள்ளுகின்றார் எனக் கண்டார். பாரமான பொருளுக்குச் சிறிய மண்வெட்டியும் பாரங்குறைந்த பொருளுக்குப் பெரிய மண்வெட்டியும் வழங்கப்பட்டன. பிராங் கில்பிறெத் செங்கல் அடுக்கும் தொழிலை ஆராய்ந்தார். சிறிய செங்கல் ஒன்றை எடுப்பதற்காக மேசன் ஒவ்வொரு தடவையும் தன் உடற்பாரம் முழுவதையும் தாழ்த்தி உயர்த்துவதை அவர் கவனித்தார். உயரத்தை மாற்றத்தக்க சாரமும், கல்லையும் சாந்தையும் இடுப்பளவில் வைக்கும் தட்டும் அவரால் அமைக்கப்பட்டன. ஒரு கல்லுக்கு 18 ஆக இருந்த அசைவுகள் ஐந்தாகக் குறைந்தன என்றும், மணித்தியாலத்துக்கு 120 கல் அடுக்கப்பட்ட இடத்தில் 350 கல் அடுக்கப்பட்டது என்றும் ரெயிலர் 1911 இல் வெளியிட்ட தமது நூலில் எழுதியுள்ளார்.

இவர்களின் முதன்மை நோக்கம் உற்பத்திப் பெருக்கமே என்பதை நாம் மறத்தலாகாது. சேமிக்கப்பட்ட அசைவு தொழிலாளிக்கு ஓய்வாகத் திரும்பியதா, மேலும் கூடுதலான வேலையாகத் திரும்பியதா என்பது வேறு வினா. எனினும், குனிதல் தொழிலின் விதியன்று, பொருளை வைத்த இடத்தின் விளைவே என்று கில்பிறெத் காட்டியது கொங்கிறீற்றுத் தளத்துக்கும் பொருந்தும். செங்கல்லை இடுப்பளவுக்கு உயர்த்தலாம். தளத்தை உயர்த்த இயலாது. ஆகவே பிடியையே நீட்டவேண்டியதாயிற்று.

மட்டப்பலகை

முதற்கருவி மட்டப்பலகை. இருவர் இரு நுனியையும் பற்றி, வாள் அறுப்பதுபோல் இடம்வலமாக அசைத்தவாறு பின்னோக்கி இழுப்பர். 3 மீற்றர் நீளமும் 100 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட மரப்பலகை ஏறத்தாழ 9 கிலோகிராம் இருக்கும். நீரை உறிஞ்சியபின் இன்னும் பாரமாகும். காய்ந்தபின் வளையவும் கூடும். அதே வெளியளவும் 2 மில்லிமீற்றர் சுவர்த்தடிப்பும் கொண்ட உள்ளீடற்ற அலுமினியச் சட்டம் 5 கிலோகிராமிலும் குறைவாகும். அதன் நுனிகளில் நிமிர்ந்த பிடிகளைப் பொருத்தினால் குனியும் அளவும் குறையும்.

ஆயினும் பலகையின் பாரத்தைவிட, அது தள்ளும் கொங்கிறீற்றின் பாரமே பெரிது. 3 மீற்றர் அகலமான தளத்தில் கொங்கிறீற்று 10 மில்லிமீற்றர் மிகையாக இடப்பட்டிருப்பின், ஒரு மீற்றர் தூரம் இழுப்பதற்குள் பலகையின் முன்னே 72 கிலோகிராம் சேர்ந்துவிடும். மிகை 5 மில்லிமீற்றராயின் சுமை பாதியாகும். எனவே பலகைக்கு முன்னே நிற்பவர் கொங்கிறீற்றை உரிய உயரத்துக்குப் பரப்பிவிடுவது மட்டம் இழுப்போரின் முதுகைக் காக்கும் முதல் வழியாகும். இதற்குப் பற்களுள்ள தோட்டவாரி பொருத்தமற்றது. அது கல்லையும் சாந்தையும் வேறாக்கிவிடும். பற்களற்ற அகன்ற தகடும் நீண்ட பிடியும் கொண்ட வாரியே ஏற்றது. கலவையில் நீரைக் கூட்டினால் இழுப்பது இலகுவாகும் என்பதும் உண்மையே. வேலைத்தலங்களில் இரகசியமாக நீர் சேர்க்கப்படுவதன் காரணம் பெரும்பாலும் உடலின் களைப்பேயாகும். அதனாற் கொங்கிறீற்றின் வலிமை குன்றுகின்றது. உடலை வருத்தும் கருவி இவ்வாறு கட்டடத்தையும் கெடுக்கின்றது.

நீள்பிடித் தேய்பலகை

இரண்டாம் படிமுறைக்குரிய பெரிய தேய்பலகையிலேயே பணிச்சூழலியலின் நுட்பம் நன்கு புலப்படுகின்றது. மரத்தாலோ அலுமினியத்தாலோ மகனீசியத்தாலோ ஆகிய இப்பலகை, 200 மில்லிமீற்றர் வரை அகலமும் 1 மீற்றர் முதல் 1.5 மீற்றர் வரை நீளமும் உடையது. பிடியின் நீளம் ஏறத்தாழ 1.2 மீற்றர் முதல் 5 மீற்றர் வரை. தொழிலாளி தளத்தின் வெளியே நிமிர்ந்து நின்றவாறே இதனைத் தள்ளியும் இழுத்தும் பரப்பைச் சீராக்கலாம்.

எனினும் பிடியை நீட்டியதனால் மாத்திரம் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பலகையைத் தள்ளும்போது அதன் தூர விளிம்பும், இழுக்கும்போது அண்மை விளிம்பும் சற்று உயர்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் விளிம்பு கொங்கிறீற்றினுள் குத்திப் புதையும். பிடி பலகையோடு அசையாதவாறு பொருத்தப்பட்டிருப்பின், இச்சரிவை உண்டாக்கப் பிடியின் நுனியைத் தாழ்த்தவும் உயர்த்தவும் வேண்டும். 3 பாகைச் சரிவு தேவையெனக் கொண்டால், 5 மீற்றர் பிடியின் நுனி ஒரு பக்கத்துக்கு 26 சென்ரிமீற்றர், இருபக்கமும் சேர்ந்து அரை மீற்றருக்கு மேல் அசையவேண்டும். தள்ளும்போது முழங்காலை மடக்கித் தாழ்வதும், இழுக்கும்போது கைகளைத் தோளுக்கு மேல் உயர்த்துவதுமாக ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை தொழிலாளி எழுந்தமர வேண்டியவனாகின்றான். குனிதலை ஒழிக்க வந்த நீண்ட பிடி புதியதொரு துன்பத்தைத் தந்துவிட்டது.

இதற்குத் தீர்வாக வந்தது, பிடியும் பலகையும் சேருமிடத்தில் அமைக்கப்பட்ட திருகுபற் பொறிமுறை. பிடியைக் கையால் இலேசாக முறுக்கியதும் பலகை முன்னோ பின்னோ சரிகின்றது. கையின் உயரம் இடுப்பளவிலேயே நிற்கின்றது. உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு பாகமே கருவியை மெய்யாக உடலுக்கு ஏற்றதாக்குகின்றது. ஒரு கருவியை ஆராயும்போது அது எவ்வளவு நீளமானது என்பதிலும், வேலையின் ஒவ்வோர் அசைவிலும் உடல் எங்கே செல்கின்றது என்பதையே முதலில் நோக்கவேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பொருளின் தெரிவும் கவனிக்கத்தக்கது. மகனீசியத்தின் சாரடர்த்தி 1.74, அலுமினியத்தினது 2.70, உருக்கினது ஏறத்தாழ 7.85. மகனீசியப் பலகை பாரங்குறைந்ததாக இருப்பதோடு, நுண்காற்றுக் குமிழிகள் சேர்க்கப்பட்ட ஒட்டுந்தன்மையுள்ள கொங்கிறீற்றின்மீது மரத்தைவிட எளிதாக வழுக்கிச் செல்லும். மரப்பலகை அத்தகைய பரப்பில் ஒட்டிக் கிழிக்கும். அலுமினியம் காரத்தினால் அரிக்கப்படுவதாதலால், வேலை முடிந்த உடனேயே கருவியைக் கழுவிவிடல் வேண்டும்.

கைத்தேய்பலகையும் முழங்காற்பலகையும்

மூலைகள், தூணடிகள், சுவரோரங்கள் ஆகியவற்றை நீண்ட பிடியால் அணுக இயலாது. அங்கே சாந்தகப்பையும் கைத்தேய்பலகையும் உருக்குக் கரணையும் இன்றும் இன்றியமையாதவை. இவற்றில் நோக்கவேண்டியது பிடியின் அமைப்பாகும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் 2004 இல் வெளியிட்ட கைக்கருவித் தெரிவு வழிகாட்டி, வலுவுடன் பற்றும் கருவிகளின் பிடி 32 முதல் 51 மில்லிமீற்றர் வரை விட்டமும் 100 முதல் 150 மில்லிமீற்றர் வரை நீளமும் கொண்டிருத்தல் நன்று என்கின்றது. இதனிலும் மெல்லிய பிடியை விரல்கள் இறுகப் பற்றவேண்டியிருக்கும்; நீளங் குறைந்த பிடியின் நுனி உள்ளங்கையின் நடுவில் அழுத்தி நரம்பை வருத்தும். மணிக்கட்டு வளையாது முன்கையோடு நேராக நிற்கும்படி பிடியின் உயரமும் சாய்வும் அமைதல் வேண்டும்.

தளத்தின் நடுவே முழங்காலில் நின்று தேய்ப்போர் பயன்படுத்தும் பலகைகளைப் பற்றியும் இங்கு ஒன்று கூறவேண்டும். முழங்காலுக்கு ஒன்றும் பாதங்களுக்கு ஒன்றுமாக இரு பலகைகளை இட்டு, அவற்றை மாறிமாறி நகர்த்திப் பின்செல்வர். இவை உடற்பாரத்தைப் பரந்த பரப்பில் பகிர்வதால் ஈரத்தளத்திற் பள்ளம் விழுவதில்லை. கடினமான பலகையின் மீதே முழங்கால் அழுந்துகின்றது என்பதை எண்ணினால், இப்பலகை காக்க வந்தது கொங்கிறீற்றையே என்பது விளங்கும். முழங்காலைக் காப்பதற்கு அதன்மீது மெத்தை தனியாக வேண்டும். இந்நிறுவகம் கட்டடத் தொழிலாளருக்கென 2007 இல் வெளியிட்ட எளிய தீர்வுகள் பற்றிய கைநூல், நிலமட்ட வேலைகளுக்கெனத் தனிப் பகுதியொன்றை ஒதுக்கி, மோட்டார் பொருத்திய மட்டக்கருவியையும், முழங்காலில் நிற்போர்க்கான சில்லுத் தாங்கியையும் விதந்துரைத்துள்ளது. சில்லுகள் ஈரக் கொங்கிறீற்றில் உருளமாட்டா. ஆதலால் பின்னையது இறுகிய தளத்தின்மீது செய்யும் வேலைகளுக்கே உதவும்.

பொறிகளும் புதிய கலவைகளும்

கைக்கருவியை விட்டுப் பொறிக்கு மாறினால் உடலுழைப்பு ஒழிந்துவிடும் எனக் கருதுவோர் உளர். லேசர் ஒளிக்கற்றையால் உயரத்தைக் கட்டுப்படுத்தி மட்டம் இழுக்கும் பொறி 1986 இல் ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. பெரிய களஞ்சியங்களின் தளங்களுக்கு அது மிகவும் ஏற்றது. வீடொன்றின் அறைக்குள் அது நுழையாது. சுழலும் தகடுகளைக் கொண்ட தேய்ப்புப் பொறியோ தொழிலாளியை நிமிர்த்துகின்றது. ஆயின் அதன் அதிர்வும் இரைச்சலும், மூடிய அறைக்குள் பெற்றோல் இயந்திரம் உமிழும் காபனோரொட்சைட்டும் வேறு இடர்களாகும்.

கலவையை மாற்றுவது இன்னொரு வழி. யப்பானில் ஒகமுரா என்னும் பேராசிரியர் 1986 இல் முன்வைத்த கருத்தின்படி, தானாகவே பாய்ந்து அச்சை நிரப்பிச் செறியும் கொங்கிறீற்று 1988 இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது. அதிர்வூட்டும் வேலையை இது ஒழிப்பதோடு மட்டப்படுத்தும் உழைப்பையும் பெரிதும் குறைக்கும். விலையும் கலவைக் கட்டுப்பாடும் இதற்குத் தடைகளாக நிற்கின்றன. ஆகவே, சிறிய கட்டடங்களில் கைக்கருவியின் இடம் இன்னும் நெடுங்காலம் நிலைக்கும் என்றே நாம் கருதுகின்றோம்.

கருவியும் பயிற்சியும்

நல்ல கருவியொன்றை ஆக்கிவிட்டால் அது தானே பரவும் என எதிர்பார்த்தல் தவறாகும். டென்மார்க்கில் தளவிரிப்பு வேலை செய்வோர் நின்றவாறே பசை பூசவும் பரப்பை நிரப்பிச் சீராக்கவும் உதவும் நீள்பிடிக் கருவிகள் உருவாக்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தும் முறையில் செய்முறைப் பயிற்சி பெற்றோரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 2008 ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. பயிற்சி பெற்றோரிற் கணிசமானோர் இரண்டு ஆண்டின் பின்னரும் அக்கருவிகளை வழக்கமாகப் பயன்படுத்தினர். தகவல் மாத்திரம் பெற்றோரிடையே அப்பயன்பாடு குறைவாகவே இருந்தது.

இதன் காரணம் ஆராயத்தக்கது. தேர்ந்த மேசன் கரணையைப் பிடித்திருக்கையில் கொங்கிறீற்று எவ்வளவு இறுகியுள்ளது என்பதைத் தன் விரல்களால் உணர்கின்றார். 5 மீற்றர் பிடியின் மறுநுனியில் அவ்வுணர்ச்சி மங்கிவிடுகின்றது. பல ஆண்டுகளாகச் சேர்த்த கைத்தேர்ச்சியைத் துறந்து தொடக்கநிலையாளராக மாற எவரும் தயங்குவர். அத்தயக்கத்தை அறியாமை எனப் பழிப்பது முறையன்று. புதிய பிடியினூடாகவும் அதே உணர்ச்சியைப் பெறுவதற்குக் கை பழகும்வரை கூலி குறையாமல் காலம் கொடுப்பதே அதற்குரிய மருந்தாகும்.

நம் நாட்டுச் சூழல்

நம் முன்னோரின் வீடுகளில் தரை மண்ணாலானது. பெண்கள் குந்தியிருந்து சாணத்தால் மெழுகினர். சீமெந்துத் தரை பரவியபோது பொருள் மாறியது. தரையோடு அமர்ந்து வேலை செய்யும் உடல்நிலை மாறவில்லை. மேனாடுகளில் முழங்காலில் நின்று செய்யப்படும் வேலையை நம் மேசன்மார் குந்தியிருந்தே செய்வதைக் காண்கின்றோம். குந்துவது நமக்குப் பழக்கமானது என்பதனால் அது தீங்கற்றது என்று முடிவுசெய்யலாகாது. உணவருந்தவும் உரையாடவும் சிறிது நேரம் குந்தியிருப்பது வேறு. பாரமான கரணையை அழுத்தியவாறு நாள்தோறும் மணிக்கணக்காகக் குந்தியபடி பின்னகர்ந்து செல்வது வேறு. யேர்மனியின் விதியில் குந்துதலும் கணக்கிடப்படுவதை மேலே கண்டோம்.

இறக்குமதியாகும் கருவிகளின் பிடிகள் உயரமான உடலமைப்பை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவையாதலால், அவற்றை அவ்வாறே ஏற்காது நம் தொழிலாளரின் உயரத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளவேண்டும். மகனீசியப் பலகை கிடைக்காவிடினும் வழி உண்டு. யன்னல் நிலைகளுக்கான அலுமினியச் சட்டங்கள் இன்று சிற்றூர்ப் பட்டறைகளிலும் கிடைக்கின்றன. விளிம்புகள் மழுக்கப்பட்ட அகன்ற சட்டமொன்றில், சரிவை மாற்றத்தக்க பிணைச்சலைப் பொருத்தி, ஒன்றோடொன்று செருகத்தக்க இலேசான குழாய்களைப் பிடியாக இணைத்து நீள்பிடித் தேய்பலகையொன்றை இங்கேயே ஆக்கிக்கொள்ளலாம். அலுமினியக் குழாயும் ஈரமும் மின்சாரத்தைக் கடத்துமாதலால், மேலே செல்லும் மின்கம்பிகளுக்கு அண்மையில் நீண்ட உலோகப் பிடியைப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். அத்தகைய இடங்களில் உலர்ந்த மரப்பிடியோ மின்கடத்தாப் பிடியோ வேண்டும்.

இவ்வாறான கருவியை ஆக்கி, நாட்கூலிக்கு உழைக்கும் மேசனொருவரிடம் கொடுத்து, அவர் கூறும் குறைகளுக்கேற்பத் திருத்துவது நம் பொறியியல் மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். பெருஞ்செலவோ நுண்கருவிகளோ இதற்கு வேண்டியதில்லை. ஒரு தளம் முடியுமட்டும் அவர் எத்தனை நிமிடம் குனிந்திருந்தார், எத்தனை நிமிடம் குந்தியிருந்தார், எத்தனை நிமிடம் நிமிர்ந்து நின்றார் என்பதை மணிக்கூட்டைக்கொண்டு குறித்து, பழைய கருவியோடும் புதிய கருவியோடும் ஒப்பிட்டாலே போதிய தெளிவு பிறக்கும். கருவியை வாங்கும் செலவு யாரைச் சேரவேண்டும் என்பதையும் இவ்வாய்வு தவிர்க்கமுடியாது. தன் கருவிகளைத் தானே வாங்கும் மேசனிடம் விலைகூடிய கருவியைப் பரிந்துரைத்துவிட்டு நாம் விலகிக்கொண்டால், முழங்காலின் தேய்வும் கருவியின் விலையும் ஆகிய இரண்டையும் அவர் தலையிலேயே சுமத்தியவராவோம்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளை நாம் பெறலாம். மட்டப்படுத்தும் கருவி, தளத்தின் சீரோடு தொழிலாளியின் உடல்நிலையையும் கொண்டு மதிப்பிடப்படல் வேண்டும். பிடியை நீட்டுவது தொடக்கம் மாத்திரமே. கருவியோடு செல்லும் ஒவ்வோர் அசைவையும் பின்தொடர்ந்து ஆராய்ந்த பின்னரே அது உடலுக்கு ஏற்றதா எனக் கூறலாம். மூன்றாவதாக, கொங்கிறீற்றைச் சரியான உயரத்துக்குப் பரப்புதல், உரிய வேளைக்குக் காத்திருத்தல், போதிய ஆட்களை அமர்த்துதல், பயிற்சிக்குக் காலம் அளித்தல் ஆகியவை இன்றி எக்கருவியும் தனியே பயன்தராது.

கட்டட ஒப்பந்தங்களில் சீமெந்தின் அளவும் கல்லின் பருமனும் கம்பியின் விட்டமும் வரையறுத்து எழுதப்படுகின்றன. நீள்பிடிக் கருவியும் முழங்கால் மெத்தையும் வழங்கப்படல் வேண்டும் என ஒரு வரியை அவற்றோடு சேர்ப்பது கடினமன்று. நாளை ஒப்பந்தங்களை எழுதப்போகும் பொறியியலாளர் இன்று நம் வகுப்பறைகளிலே இருக்கின்றனர். அவ்வரியை எழுதும் பொறுப்பு அவர்களுடையது.